நாளை விடிய ஐந்து மணிக்கு

பம்பின் கண்ணாடிக்குள் எண்கள் ஓடத் தொடங்கியதும் நான் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டேன், எதையாவது உற்றுப் பார்த்தால் அது வந்துவிடுமோ என்று ஒரு பயம், அதற்கு நான் இன்னும் பெயர் வைக்கவில்லை, டொக்டர் வைத்த பெயர் நீளமானது, அதை ஒருநாளும் வாய்விட்டுச் சொல்லிப் பார்த்ததில்லை. ஏழு லீற்றர், எட்டு. பார்க்காமலிருந்தாலும் காதுக்குக் கேட்கிறது, ஒவ்வொரு லீற்றருக்கும் உள்ளே எங்கேயோ ஒரு சின்னச் சொடுக்கு. குழாய் கைக்குள் குளிர்ந்து அதிர்ந்தது. டீசல்தானே? கறுப்புக் கைப்பிடிதானே? குனிந்து பார்த்தேன், டீசல்தான், பதினொரு வருசமாக இதே காருக்கு இதே டீசலை அடிக்கிறேன், இன்றைக்கு மட்டும் மூன்றாம் தரம் குனிந்து பார்க்கிறேன். நத்தாருக்கு மறுநாள், பின்னேரம் மூன்று மணி, ஜெர்மனியின் எசன் நகரமே தின்றுவிட்டுப் படுத்துக் கிடக்கிறது, பெற்றோல் செட்டில் மட்டும் நான்கைந்து கார்கள், எல்லாவற்றின் கூரையிலும் பெட்டி, எல்லாரும் மலைக்குப் போகிறவர்கள்தான். எங்கள் கூரையிலும் ஒரு பெட்டி இருக்கிறது, வேலைத்தலத்தில் ஒருவனிடம் இரவல் வாங்கியது, அதற்குள் மகளினதும் அவளுடைய சிநேகிதியினதும் பனிச்சறுக்குப் பலகைகள். பெட்டியைப் பூட்டினேனா? பூட்டினேன். திறப்பு பொக்கற்றுக்குள் இருக்கிறது. தொட்டுப் பார்த்தேன். இருக்கிறது. நாளை விடிய ஐந்து மணிக்கு வெளிக்கிட்டால் எழுநூற்று ஐம்பது கிலோமீற்றர், றோட்டு கொஞ்சம் வழுக்கினால் பதினொரு மணித்தியாலம், இல்லாவிட்டால் ஒன்பது, ஒன்பது மணித்தியாலம் இரண்டு கண்ணும் ஒரு தலையும் சொன்ன சொல் கேட்க வேண்டும்.

முன் கதவுக் கண்ணாடி இறங்கியது. மனைவி கௌசலா தலையை வெளியே நீட்டாமல் போனை மட்டும் நீட்டினாள். "இஞ்சருங்கோ, வூர்ட்ஸ்பூர்க்கில ஒன்பது மணிக்கு நிப்பாட்டிச் சாப்பிடுவம், என்ன? புட்டும் சம்பலும் கட்டிறன். பிறகு உல்ம். அதுக்குப் பிறகு ஃபுசனில எல்லை. எல்லைக்கு அங்கால ஒரு கணவாய் இருக்காம், அதிலதான் சனிக்கிழமையில மூண்டு மணித்தியாலம் நிக்க வேண்டி வருமாம், இதில ஒருத்தர் எழுதியிருக்கிறார்." ஓம் என்றேன். "ஓம் எண்டா? வேற பாதையால போவமோ, அதாலதான் போவமோ?" அதால போவம் என்றேன். கண்ணாடி ஏறியது. அவளுடைய மடியில் ஒரு கொப்பி இருக்கிறது, ஒரு மாதமாக அதில் எழுதுகிறாள், பனியில் ரயருக்குப் போடுகிற சங்கிலி, மஞ்சள் அங்கி நாலு, முதலுதவிப் பெட்டி, கண்ணாடியில் ஒட்டுகிற ஒஸ்ரியா றோட்டு வரிச்சீட்டு, கூட வருகிற லேனாவுக்குக் கச்சான் கடலை ஒவ்வாது. எல்லாம் எழுதியிருக்கிறாள். எழுதாத ஒன்று எனக்குத்தான் தெரியும். இருபத்தொரு லீற்றர். டாங்கை நிறைக்கிறதா இல்லையா என்றே எனக்கு இன்னும் தெரியவில்லை, சந்தை வேலைக்காரன் ஒருவன் சொன்னான், நிறைக்காதே, மலையில் குளிர் வேறு, இங்கத்தைய டீசல் அங்கே கூழாகிவிடும், கால் டாங்கோடு போய் அங்கே அடி என்று, இரவல் பெட்டி தந்தவன் சொன்னான், நிறைத்துக்கொண்டு போ, கணவாயில் மூன்று மணித்தியாலம் நின்றால் ஹீற்றர் போட எதை வைத்துப் போடுவாய் என்று. இரண்டு பேரும் சொல்வது சரி. இரண்டு பேரும் சொல்வது சரியென்றால் கை என்ன செய்யும், அழுத்தினபடியே இருக்கும். இருபத்தாறு. இப்படிச் சின்னக் கேள்விகளைப் பிடித்துக்கொண்டு தொங்குவது எனக்கு நல்லாயிருக்கிறது, சின்னக் கேள்வி ஒன்று தலைக்குள் இருக்கும்வரை பெரிய கேள்வி கதவுக்கு வெளியே நிற்கும்.

ஆனால் அது நிற்காது, அது உள்ளேயே இருக்கிறது, இதோ. டிசம்பர் ஐந்து, இரண்டரை மணி, வேலை முடிந்து அவுட்டோபான் நெடுஞ்சாலையில் வருகிறேன், பகல் வெளிச்சம், மழைகூட இல்லை. ரேடியோவில் வானிலை சொல்லத் தொடங்குகிறான். நான் இறங்க வேண்டிய வழி எண்ணூறு மீற்றரில் என்று நீலப் பலகை. அதற்குப் பிறகு ஒரு லொறியின் ஹோர்ன், காதைப் பிய்க்கிற மாதிரி, நான் நடு வரியில் இருக்கிறேன், ரேடியோவில் வானிலை முடிந்து யாரோ பாடுகிறார்கள், நான் இறங்க வேண்டிய வழி பின்னால் எங்கோ போய்விட்டது, அதற்கு அடுத்த வழியும் போய்விட்டது. இடையில் என்ன? நித்திரை என்றால் நித்திரை கொண்ட களை இருக்கும், முழித்த திடுக்கம் இருக்கும். இது ஒன்றும் இல்லை. வெட்டி ஒட்டின மாதிரி. நான் இல்லாத ஒரு நேரத்தில் என்னுடைய கைகள் மணிக்கு நூற்றுப் பத்தில் காரை ஓட்டிக்கொண்டு போயிருக்கின்றன. அந்தக் கைகளை அன்றைக்கு ஸ்ரியறிங்கில் வைத்துப் பார்த்தேன், என்னுடையவைதான், இடது பெருவிரலில் மட்டை வெட்டின தழும்பு. டிசம்பர் எட்டு, நரம்பு டொக்டர், இளம் பெண், மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டுத்தான் அதைச் சொன்னாள். "திரு. தயாபரன், இது வலிப்பின் ஒரு வகையாக இருக்கலாம். விழுந்து துடிப்பது மட்டும்தான் வலிப்பு என்றில்லை. தலையைப் படம் எடுத்துப் பார்க்கும்வரை நீங்கள் வாகனம் ஓட்டக் கூடாது. ஃபோர்க்லிப்டும் ஓட்டக் கூடாது. விளங்குகிறதா?" விளங்குகிறது என்றேன். படம் எடுக்கத் திகதி ஜனவரி பதினாலு. இதைச் சொன்னேன் என்பதற்கு ஒரு கையெழுத்துப் போடுங்கள் என்றாள், போட்டேன், என் முழுப் பெயரையும் வடிவாக எழுதினேன், வெளியே வந்தேன், காரை எடுத்தேன், ஓட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். இன்றைக்குப் பதினெட்டு நாள். பதினெட்டு நாளும் ஓட்டினேன். வேலைத்தலத்தில் பெட்டி தூக்குகிற ஃபோர்க்லிப்டும் ஓட்டினேன், இரண்டு ஆள் உயரத்துக்குப் பெட்டி அடுக்கினேன், கீழே ஆட்கள் நடந்தார்கள், என்னோடு வேலை செய்கிற ஹசன் எப்போதும் கூப்பிட்டுச் சிரித்துக்கொண்டு அதன் இரும்பு முள்ளுக்குக் கீழாலேயே போவான். ஒன்றும் நடக்கவில்லை. ஒன்றும் நடக்கவில்லை என்பதை ஒவ்வொரு நாள் இரவும் ஒரு சாட்சி மாதிரி எனக்கு நானே சொன்னேன், ஒன்றும் நடக்கவில்லை, அப்படியென்றால் அது ஒருநாள் கூத்து, களைப்பு, சீனி குறைந்திருக்கும், டொக்டருக்கு இளம் வயது.

ஏன் சொல்லவில்லை என்று கேட்டால் எனக்கே வேறு வேறு பதில் வருகிறது. மகள் மிதுலாவுக்குப் பதினைந்து வயது, வகுப்பில் எல்லாரும் போய்விட்டார்கள், இவள் ஒருத்திதான் மலையைப் படத்தில் பார்த்தவள், மூன்று வருசமாக வாற வருசம் வாற வருசம் என்று சொல்லி வந்திருக்கிறேன். அது ஒரு பதில். ஃபோர்க்லிப்ட் போனால் எனக்கு வேறு வேலை தெரியாது. அது ஒரு பதில். இன்னொரு பதில் இருக்கிறது, அதைக் கிட்டப் போய்ப் பார்க்க எனக்கு விருப்பமில்லை. கௌசலாவிடம் லைசென்ஸ் இருக்கிறது. ஏழு வருசமாக இருக்கிறது. அவள் ஊருக்குள் மட்டும் ஓட்டுவாள், தான் வேலை செய்கிற பேக்கரிக்கும் சந்தைக்கும் பிள்ளையின் பள்ளிக்கூடத்துக்கும், அவுட்டோபானில் ஏறமாட்டாள், ஏறச் சொன்னால் முகம் வெளிறிப் போகும். ஏனென்றால் லைசென்ஸ் எடுத்த மூன்றாம் நாள் நான்தான் அவளைக் கூட்டிக்கொண்டு போய் ஏறச் சொன்னேன், ஏறுகிற வழியின் முடிவில் அவள் பயந்து பிரேக்கை மிதித்தாள், பின்னால் ஒரு வெள்ளை வான், நான் கத்தினேன், என்ன கத்தினேன் என்பது வார்த்தை வார்த்தையாக ஞாபகம் இருக்கிறது, மாடு என்றேன், எங்களைக் கொல்லப் பார்க்கிறியோ என்றேன், ஸ்ரியறிங்கைப் பறித்து இழுத்தேன். பின் சீற்றில் மிதுலா, எட்டு வயது. கௌசலா ஓரமாக நிறுத்தி இறங்கி மற்றப் பக்கம் வந்து ஏறி இருந்தாள். அன்றைக்குப் பறித்த அந்தக் காரை இன்றைக்கு நான் என்ன முகத்தோடு அவளிடம் நீட்டுவது. அதுதான் பதில் போல. நாற்பத்து மூன்று லீற்றர். எங்களைக் கொல்லப் பார்க்கிறியோ. நாற்பத்து நாலு.

பின் கண்ணாடியைத் தட்டி லேனா எனக்குக் கையசைத்தாள். மிதுலாவின் சிநேகிதி, வெள்ளைத் தொப்பிக்குள் சிவந்த மூக்கு, அவளை இப்போதுதான் வீட்டுக்குப் போய் ஏற்றிக்கொண்டு வருகிறோம், இரவு எங்களோடு படுத்து விடிய வெளிக்கிடுவதாகத் திட்டம். ஏற்றும்போது தாய் பிர்கிற் வாசலுக்கு வந்தாள், ஒரு பிள்ளைதான், தனியாக வளர்க்கிறாள், ஆஸ்பத்திரியில் இரவு வேலை, அவளுக்கு லீவு கிடைக்கவில்லை. "வேறு யாரோடும் இவ்வளவு தூரம் அனுப்பியிருக்க மாட்டேன், தயா. நீங்கள் எவ்வளவு நிதானமாக ஓட்டுவீர்கள் என்று லேனா சொல்லியிருக்கிறாள்." நான் சிரித்தேன். சிரித்தேன்தான், பல்லெல்லாம் தெரியச் சிரித்தேன், பெட்டியை வாங்கிப் பின்னால் வைத்தேன், கவலைப்படாதீர்கள் என்றேன். ஒரு மனிசனால் இப்படியும் சிரிக்க ஏலுமா? ஏலும். பல்லு தானாகவே வெளியே வரும். என்னிடம் திட்டம் இல்லாமல் இல்லை, இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருதரம் நிறுத்துவேன், கோப்பி குடிப்பேன், இன்றைக்கு எட்டு மணிக்கே படுப்பேன், வலது பக்க வரியிலேயே லொறிகளுக்குப் பின்னால் தொண்ணூறில் போவேன், தலைக்குள் ஒரு மாதிரி இருந்தால் உடனே ஓரம் கட்டுவேன். ஆனால் அன்றைக்குத் தலைக்குள் ஒரு மாதிரியும் இருக்கவில்லையே. வருகிறேன் என்று சொல்லிவிட்டு அது வரவில்லையே. மலைப் பாதையில் வளைவு இருக்கும், ஒரு பக்கம் சுவர், ஒரு பக்கம் ஒன்றும் இல்லை, போனில் படம் பார்த்தேன், நூற்றுப் பத்தில் தேவையில்லை, முப்பதில் போதும், முப்பதில் நான்கு செக்கன் நான் இல்லாமல் போனால் போதும். குழாய் டக்கென்று நின்றது. டாங்க் நிறைந்துவிட்டது. நிறைக்கிறதா இல்லையா என்று நான் முடிவெடுக்கவே இல்லை.

குழாயைத் தொங்கவிட்டு மூடியைத் திருகும்போது கௌசலா மீண்டும் கண்ணாடியை இறக்கினாள். "இந்தக் காரின்ர காப்புறுதிக் கடதாசி எங்க? ஒஸ்ரியாவுக்குக் கொண்டுபோகோணும் எண்டு போட்டிருக்கு." அவளுடைய கை முன் பெட்டியின் பிடியில் இருந்தது. அதற்குள்தான் அது இருக்கிறது, டொக்டரின் தாள், ரயர் மாற்றின பில்லுகளுக்கு அடியில், யாரும் திறக்காத இடம் என்று நினைத்து வைத்தேன். "அதைத் திறக்காதையும்!" என் குரல் எனக்கே கேட்டது, பக்கத்துப் பம்பில் நின்றவர் திரும்பிப் பார்த்தார். "ஏன்?" "அதுக்க எல்லாம் அடுக்கி வைச்சிருக்கிறன். கலைஞ்சு போகும். நான் வீட்டை போய் எடுத்துத் தாறன்." கௌசலா கையை எடுத்தாள். என்னை ஒருதரம் பார்த்தாள், கோபமாக இல்லை, புதுச் சட்டையில் கறையைக் கண்டவள் மாதிரி. "ஒரு கிழமையா நீங்கள் ஒரு மாதிரித்தான் நிக்கிறீங்கள்," என்றாள். "நித்திரை இல்லை, அதுதான்," என்றேன். அதுவும் பொய் இல்லை. இப்போது சொல்லியிருக்கலாம். அந்த வசனத்துக்குப் பின்னால் ஒரு இடைவெளி இருந்தது, ஒரு ஆள் நுழையக்கூடிய அளவுக்கு. நுழையாமல், காசு கட்டிவிட்டு வருகிறேன் என்று நடந்தேன். நடக்கும்போது கால் எண்ணியது, ஒன்று, இரண்டு, மூன்று, எண்ணிக்கொண்டிருந்தால் நான் இருக்கிறேன் என்று அர்த்தம்.

உள்ளே சூடு. கோப்பி மணமும் பாண் சுடுகிற மணமும். எனக்கு முன்னால் மூன்று பேர். வரிச்சீட்டு இங்கேயே விற்கிறார்கள், காசு மேசைக்குப் பக்கத்தில் தொங்குகிறது, பத்து நாளுக்கு ஒன்று போதும், நாங்கள் ஏழு நாள், இல்லை, போற நாள் வாற நாள் சேர்த்து எட்டு, அதைக் கண்ணாடியின் இடது பக்கம் ஒட்ட வேண்டும், குளிரில் ஒட்டாதாம், வீட்டில் ஒட்ட வேண்டும். ஒட்டினால் போவதென்று முடிவாகிவிடும். முடிவாகத்தானே இருக்கிறது, டாங்க் நிறைந்திருக்கிறது, மலையில் தங்க வீடு எடுத்தாயிற்று, இரண்டு பிள்ளைகளுக்கும் காலணி அளந்து வாங்கியாயிற்று. நான் ஏதோ இன்னும் யோசிக்கிறவன் மாதிரி யோசித்துக்கொண்டிருக்கிறேன். முன்னால் நின்றவர் போனார். கீழ்த் தட்டில் நீல நிறத் திரவம், கண்ணாடி கழுவுவதற்கு, மைனஸ் இருபதுவரை உறையாது என்று எழுதியிருக்கிறது, மைனஸ் இருபது போதுமா, அந்த ஊரில் விடியப்பறம் எவ்வளவுக்குப் போகும், கௌசலாவின் கொப்பியில் இருக்கும், கேட்க வேண்டும், போன வருசம் ஒருநாள்

மிதுலா என் கையைப் பிடித்திருந்தாள். இறுக்கிப் பிடித்திருந்தாள், மணிக்கட்டில் நோ. அவள் காருக்குள் அல்லவா இருந்தாள், எப்போது வந்தாள், ஜக்கெற்கூடப் போடவில்லை. என் காலடியில் நீலப் போத்தல் ஒன்று உருண்டு கிடந்தது. நான் காசு மேசைக்கு முன்னால் நின்றேன், முன்னால் இருந்த மூன்று பேரையும் காணவில்லை, மேசைக்குப் பின்னால் இருந்த மனிசி எழும்பி நின்றுகொண்டிருந்தாள். "உங்களுக்குச் சுகமில்லையா? யாரையாவது கூப்பிடவா?" என்று கேட்டாள். பின்னால் யாரோ தொண்டையைச் செருமினார்கள். மிதுலா ஜெர்மன் மொழியில் சொன்னாள், "ஆறாம் பம்ப். அப்பாவுக்குக் களைப்பு." என் கையில் இருந்த கார்ட்டை அவளே எடுத்து வைத்தாள், நான் இலக்கத்தை அழுத்தினேன், விரல்களுக்கு இலக்கம் ஞாபகம் இருந்தது. அவள் என்னைக் கையில் பிடித்து, சின்னப் பிள்ளையை றோட்டுக் கடக்கக் கூட்டிப் போகிற மாதிரி, பத்திரிகைத் தட்டுக்குப் பின்னால் கூட்டிப் போனாள்.

"அப்பா. அந்த அன்ரி உங்களை மூண்டு தரம் கேட்டவ, எத்தினையாம் பம்ப் எண்டு." என் மணிக்கட்டை அவள் இன்னும் விடவில்லை. "நீங்கள் வாயை மென்றுகொண்டு நிண்டனீங்கள். நான் காருக்குள்ளால பாத்தனான். அதுதான் ஓடி வந்தனான்." அதுதான் என்றால்? "அதுதான் எண்டா என்ன, பிள்ளை?" அவள் தட்டில் இருந்த புத்தகங்களைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "நத்தாருக்கு முதல் நாளும் செய்தனீங்கள். சாப்பிடேக்க. அம்மா குசினிக்குள்ள நிண்டவ. நான் அப்பா அப்பா எண்டு கூப்பிட்டனான், நீங்கள் கேக்கயில்லை. பிறகு ஒண்டும் நடக்காத மாதிரிச் சோத்தைக் குழைச்சனீங்கள். நான் போனில தேடிப் பாத்தனான்." ஒன்றும் நடக்கவில்லை என்று ஒவ்வொரு இரவும் நான் சொல்லிக்கொண்டிருந்தேனே. என் வீட்டு மேசையில் நடந்திருக்கிறது. என் பிள்ளை கோழிக்கறிக்கு மேலால் அதைப் பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறாள். "ஏனம்மா அம்மாவிட்டச் சொல்லயில்லை?" கேட்கக் கூடாத ஆள் கேட்கக் கூடாத கேள்வியைக் கேட்டேன். அவள் அழத் தொடங்கினாள், சத்தம் இல்லாமல், மூக்கைக் கையால் துடைத்துக்கொண்டு. "சொன்னா போகேலாது எண்டு. எனக்குப் போகோணும்போல இருந்தது. நான் ஒரு திட்டம் வைச்சிருந்தனான், அப்பா. நான் பின்னால நடுவில இருந்து, கண்ணாடிக்குள்ளால உங்கட கண்ணையே பாத்துக்கொண்டு வருவம் எண்டு. நித்திரை கொள்ளாம. அப்பிடி ஏதும் வந்தா அம்மாவை ஸ்ரியறிங்கைப் பிடிக்கச் சொல்லலாம் எண்டு."

ஒன்பது மணித்தியாலம். பதினைந்து வயதுப் பிள்ளை ஒன்பது மணித்தியாலம் கண் வெட்டாமல் தகப்பனின் கண்ணைப் பார்த்துக்கொண்டு போவதற்குத் திட்டம் போட்டிருக்கிறாள், நான் கோப்பிக்குத் திட்டம் போட்டிருக்கிறேன், தாய் புட்டுக்கும் சம்பலுக்கும். மூன்று பேரும் ஒரே காருக்குள். நான்காவது ஆளான அந்தப் பிள்ளைக்கு ஒரு திட்டமும் இல்லை, அவள் வெள்ளைத் தொப்பி போட்டுக்கொண்டு எங்களை நம்பி இருக்கிறாள். எனக்கு அழுகை வரவில்லை. வெட்கம்தான் வந்தது, ஒரு சூடு, காதுக்குப் பின்னால் தொடங்கிக் கழுத்துவரைக்கும் இறங்கியது, அதற்குள்ளேயே, சொன்னால் நம்பமாட்டீர்கள், ஒரு சுகமும் வந்தது, பாரத்தைக் கீழே வைக்கப் போகிறவனுக்கு வைக்க முன்னமே வருகிற சுகம். "உன்னில பிழை இல்லை," என்றேன். "என்னிலதான் பிழை. டொக்டர் என்னைக் கார் ஓட வேண்டாம் எண்டு சொன்னவ. நான் மறைச்சிட்டன்." அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள், அந்தப் பார்வையை நான் எதிர்பார்க்கவில்லை, திட்டுகிற பார்வை இல்லை, தன்னைப் போல இன்னொரு களவுக்காரனைக் கண்ட பார்வை. "இப்ப அம்மாவிட்டப் போய்ச் சொல்லுவம்," என்றாள். "நீ சொல்ல வேண்டாம். நான் சொல்லுறன்."

கௌசலாவைக் காரை விட்டு இறங்கச் சொன்னேன். ரயருக்குக் காற்றடிக்கிற இடத்துக்குப் பக்கத்தில், வாளியும் தும்புத்தடியும் இருந்த சுவரோரம், நின்று சொன்னேன். நினைத்து வைத்த வசனங்கள் ஒன்றும் வரவில்லை, டிசம்பர் ஐந்தில் தொடங்கி நேராகச் சொன்னேன், லொறியின் ஹோர்னைச் சொன்னேன், டொக்டர் கண்ணாடியைக் கழற்றியதைச் சொன்னேன், கையெழுத்தைச் சொன்னேன், இப்போது உள்ளே நடந்ததைச் சொன்னேன். பிள்ளைக்குத் தெரிந்ததையும் சொன்னேன், அதைச் சொல்லும்போதுதான் அவள் கையால் சுவரைப் பிடித்தாள். நான் கத்தலை எதிர்பார்த்தேன். கத்தினால் நல்லாயிருக்கும், நான் ஏழு வருசத்துக்கு முன் கத்தினதற்கு அது சரியாகிவிடும் என்று எங்கேயோ ஒரு கணக்கு. அவள் கத்தவில்லை. "எத்தினை நாள்?" என்றாள். "பதினெட்டு." "ஒவ்வொரு நாளும் பிள்ளையை இறக்கிப் போட்டுத்தானே வேலைக்குப் போறனீங்கள்?" "ஓம்." "அந்தத் தாள் எங்க?" சொன்னேன். போய் முன் பெட்டியைத் திறந்து எடுத்தாள், கதவைப் பிடித்துக்கொண்டு நின்றபடியே வாசித்தாள், இரண்டு பக்கமும் வாசித்தாள், என் கையெழுத்தில் விரலை வைத்துப் பார்த்தாள். பின் சீற்றில் லேனா தொப்பியைக் கழற்றி மடியில் வைத்திருந்தாள், தமிழ் விளங்காவிட்டாலும் அவளுக்கு ஏதோ விளங்கியிருந்தது. கௌசலா தாளை நாலாக மடித்துத் தன் பைக்குள் வைத்தாள். "முதல் பிர்கிற்றிட்டச் சொல்லோணும்," என்றாள். "போனில இல்லை. நேரில போய். நீங்கள்தான் சொல்லோணும்." பிறகு கையை நீட்டினாள். திறப்பைக் கொடுத்தேன்.

நான் ஒருநாளும் இருக்காத பக்கத்தில் இருந்தேன். கால் வைக்கிற இடத்தில் மிதிக்க ஒன்றும் இல்லை. அவள் சீற்றை முன்னுக்கு இழுத்தாள், மேல் கண்ணாடியைத் தன் பக்கம் திருப்பினாள், பின்னால் பிள்ளைகளைப் பார்த்து ஜெர்மனில், பெல்ட் போடுங்கள் என்றாள். பெற்றோல் செட்டை விட்டு றோட்டில் ஏறும் இடத்தில் நின்றோம். இடது பக்கத்தால் கார்கள். ஒரு இடைவெளி வந்தது, அவள் எடுக்கவில்லை. இன்னொன்று வந்தது, நல்ல பெரிய இடைவெளி, ஒரு பஸ் திரும்பலாம், எடுக்கவில்லை, பின்னால் ஒருவன் ஹோர்ன் அடித்தான், என் வலது கால் நிலத்தை அழுத்திக்கொண்டிருந்தது, போம் போம் என்று நாக்கு நுனிவரை வந்து நின்றது. "ஒண்டும் சொல்லாதேங்கோ," என்றாள். "நான் ஒண்டும் சொல்லயில்லையே." "மூச்சு விடுற சத்தத்தில விளங்குது." நான் மூச்சைப் பிடித்துக்கொண்டேன். அவள் எடுத்தாள், திருப்பினாள், பிசகில்லாமல் திருப்பினாள். நாலு வெளிச்சச் சந்தி, ஒரு பாலம், மூடிக் கிடந்த பள்ளிக்கூடம். நான் ஓட்டும்போது இந்தத் தெருவை நான் பார்த்ததே இல்லை. பள்ளிக்கூடத்துக்கு எதிரே பூக்கடை ஒன்று இருக்கிறது. எவ்வளவு காலமாக இருக்கிறது? ஜனவரி பதினாலு வரும், அதற்குப் பிறகு இன்னொரு திகதி வரும், என்னை யாராவது கூட்டிக்கொண்டு போய்க் கூட்டிக்கொண்டு வருவார்கள், நான் கண்ணாடியோரம் இருந்து பூக்கடைகளைப் பார்த்துக்கொண்டு போவேன், ஆறு மாதமோ, எப்போதுமோ. அந்த ஹசன் நாளைக்கு வேறு ஒருவனின் முள்ளுக்குக் கீழால் சிரித்துக்கொண்டு போவான்.

பிர்கிற் வேலைக்குப் போக உடுப்பு மாற்றிக்கொண்டிருந்தாள், ஒரு காதில் மட்டும் தோடு. வாசலில் நின்று சொன்னேன். என்னுடைய ஜெர்மன் நல்ல ஜெர்மன் இல்லை, ஆனால் மறைத்தேன் என்பதற்கு எனக்குச் சொல் தெரியும், அதைச் சொன்னேன். உங்கள் பிள்ளையை ஏற்றும்போது எனக்குத் தெரியும், தெரிந்துதான் சிரித்தேன் என்றும் சொன்னேன். அது சொல்லத் தேவையில்லாதது, கௌசலா எனக்குப் பக்கத்தில் அசைந்தாள். பிர்கிற் மற்றத் தோட்டைக் கைக்குள் மூடிக்கொண்டாள். பிறகு, "லேனா, உள்ளே வா," என்றாள். தானே காருக்குப் போய்ப் பெட்டியை இறக்கினாள், நான் தூக்கப் போனபோது கையால் விலக்கினாள். மேலே பெட்டிக்குள் இருந்த பலகைகளை எடுக்கத் திறப்பைக் கேட்டாள், கொடுத்தேன், மிதுலா அவளுக்கு உதவினாள். எல்லாம் முடிந்த பிறகு எனக்குக் கை தந்தாள், கை குளிர்ந்திருந்தது, முகத்தைப் பார்க்கவில்லை. "இப்போதாவது சொன்னீர்கள்," என்றாள். அது நன்றியா வேறு ஏதாவதா என்று எனக்குத் தெரியவில்லை. லேனா யன்னலால் பார்த்துக்கொண்டு நின்றாள். மிதுலா கையசைத்தாள். அவள் அசைக்க யோசித்து, பிறகு அசைத்தாள்.

காருக்குள் வந்து இருந்தோம். கௌசலா திறப்பைப் போடவில்லை. இரண்டு கையையும் ஸ்ரியறிங்கில் வைத்து, அதன்மேல் நெற்றியை வைத்தாள், தோள் குலுங்கியது, நான் கையை நீட்டினேன், வேண்டாம் என்று தலையசைத்தாள், கையை எடுத்தேன். தெருவில் யாரோ தங்கள் நாயோடு போனார்கள். மிதுலா மெதுவாகக் கேட்டாள், "நாங்கள் இனிப் போகயில்லையா, அம்மா?" "நாளைக்கு இல்லை," என்றாள் கௌசலா, நிமிராமல். "ஸ்டேசனுக்குப் போன் பண்ணி றெயினில இடம் இருக்கோ எண்டு கேப்பம். இல்லாட்டி வீட்டில இருப்பம். அது பிறகு." முகத்தைத் துடைத்தாள். என் பக்கம் திரும்பினாள், கண்கள் சிவந்து, ஆனால் குரல் நின்றிருந்தது. "இன்னும் என்னத்தை ஒளிச்சு வைச்சிருக்கிறீங்கள்? வேலையில என்ன சொன்னனீங்கள்? தலையில என்ன செய்யுது, எப்ப இருந்து, இரவில ஏன் எழும்பி இருக்கிறனீங்கள்? எல்லாத்தையும் சொல்லி முடிச்சாப் பிறகுதான் நான் காரை எடுப்பன்." வேலையில் சொல்லவில்லை என்பதிலிருந்து தொடங்கினேன். சொல்லச் சொல்ல இன்னும் வந்தது, பயத்தைச் சொன்னேன், ஹசனைச் சொன்னேன், அன்றைக்கு ஏறு வழியில் மாடு என்று சொன்னதை மறக்கவில்லை என்று சொன்னேன், அவள் தானும் மறக்கவில்லை என்றாள், மேலே சொல்லுங்கோ என்றாள். பின் சீற்றில் மிதுலா பெல்ட்டைக் கழற்றிவிட்டு எங்கள் இருவருக்கும் நடுவே தலையை நீட்டினாள். அவளுக்கும் கேட்கும்படி கொஞ்சம் உரத்துச் சொன்னேன்.